வலப்பக்கம் வருபவருக்கே வழி

மருதமுனை
2024 மார்ச் 9

அப்னாவின் வாப்பாவுக்கு,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று என்னை வளர்த்திருக்கிறார்கள். ஆகவே ஸலாம்.

அப்னாவை உங்களிடம் அனுப்ப நான் தர வேண்டிய சம்மதக் கடிதம், உங்கள் ராத்தா ஸாலிஹா மதினியின் விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. மதினி அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நான் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. கல்முனையில் காணி அளக்கும் சேவையர் அபுல் ஹஸன் காக்காவின் கந்தோரில் நாள் முழுக்கக் காணிப் படம் வரைகிறவள் நான். கையெழுத்து எங்கே வரும் என்று எனக்குப் புள்ளி குத்திக் காட்ட வேண்டியதில்லை.

மதினி சொன்னார்: "புள்ளைக்கு ஒரு மாற்றம் வேணுமாம் லைலா. ஓகஸ்ட் லீவுக்கு நான் லண்டனுக்கு மகன்ட வீட்ட போகக்குள்ள அவளையும் கூட்டிப் போறன். மறுகா வாப்பாவும் மகளும் பிரான்ஸுக்குக் காருல போய், குளத்தடியில டென்ட் அடிச்சுப் படுக்கிறதாம். வெள்ளக்காரன் எல்லாம் செய்யிறதாம்."

நான் கேட்டேன்: "காரை ஆரு ஓட்டுற?"

மதினி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

கூடாரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுனாமிக்குப் பிறகு பதினான்கு மாதம் தறப்பாளின் கீழே கிடந்தோம். எனக்குப் பதினாறு வயது, தம்பி சுபியானுக்குப் பன்னிரண்டு. பகலில் உள்ளே இருந்தால் மூளை வேகும். மழை வந்தால் சோறும் நனையும், பாயும் நனையும். அதிலிருந்து வெளியே வர எத்தனை கந்தோர்ப் படி ஏறினோம். நீங்கள் விடுமுறை என்று சொல்லி அதற்குள் போகிறீர்கள்.

அது போகட்டும். கூடாரத்துக்காக நான் இதை எழுதவில்லை. என் தம்பி சுபியான் உங்கள் பக்கத்து சீற்றில் இருந்தபடியே உயிர் போய் மௌத்தானவன். நிந்தவூரைத் தாண்டி அட்டாளைச்சேனைக்கு முன்னால், பட்டப்பகலில். அவனுக்குப் பெண் பார்க்கத்தான் அக்கரைப்பற்றுக்குப் போனோம். நீங்கள் வேனால் பஸ்ஸை முந்தினீர்கள். வலப்பக்கத்து ஒடுங்கிய வயல் ஒழுங்கையிலிருந்து டிரக்டர் வீதிக்கு ஏறியது. நீங்கள் இடப்பக்கம் வெட்டினீர்கள். மதகுச் சுவர் அவன் இருந்த பக்கத்தை எடுத்தது. பின்னால் என் பக்கத்தில் அப்னா, ஏழு வயது. அந்த வருஷம் இங்கிலாந்துக்கு, லெஸ்டருக்குத் திரும்பும் விமானத்தில் நானும் அவளும் ஏறவில்லை. ஆறு வருஷமாக ஏறவில்லை. இப்போது அதே கைக்கு அவளை ஏற்றி அனுப்பச் சொல்கிறீர்கள்.

எந்த வீதியால் போவீர்கள்? என்ன வேகம்? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்? இதற்கெல்லாம் பதில் வராமல் அந்தப் புள்ளியில் பேனை படாது. போனில் எழுத வேண்டாம். அப்னா என் போனை எடுத்து வாசிக்கிறாள். தபாலில் எழுதுங்கள்.

லைலா


லெஸ்டர்
2024 மார்ச் 28

லைலா,

வஅலைக்கும் ஸலாம். நோன்பு பிடித்திருக்கிறேன், கோபத்தை அடக்கி எழுதப் பார்க்கிறேன். எவ்வளவு தூரம் முடியும் என்று தெரியாது.

முதலில் ஒன்று. கூடாரம் கேட்டது நானல்ல, அப்னா. வெள்ளிக்கிழமைகளில் நான் கோல் எடுக்கும்போது என்ன கதைக்கிறாள் என்று நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? ஜனவரியில் சொன்னாள்: "வாப்பா, உம்மா என்ன நிந்தவூருக்கு அங்கால கூட்டிப் போறல்ல. கிளாஸ் முழுக்கப் பொத்துவிலுக்கு ட்ரிப் போன. நான் மட்டும் வீட்ட. என்ன எங்கயாவது தூரமாக் கூட்டிப் போங்க. ரோட்டு முடியுற மட்டும் போகணும்."

பதின்மூன்று வயதுப் பிள்ளை லைலா. பிறந்தது இங்கே. அவளுடைய உலகம் இப்போது மருதமுனையில் தொடங்கி நிந்தவூரில் முடிகிறது. அதுவும் பஸ்ஸில், உன் கையைப் பிடித்துக்கொண்டு. இதற்கு என்ன பெயர் வைப்பது?

என் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டாய். இரண்டு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேறு வேலை கிடைக்காமல்தான் திரும்பத் தொட்டேன். நாலு வருஷமாக மருந்துக் கடைகளுக்கு மருந்து கொண்டு போகிறேன். ஒரு கீறல் இல்லை. இந்த நாலு வருஷத்தில் நான் ஒரு வாகனத்தையும் முந்தியதில்லை. முன்னால் சைக்கிள் போனாலும் பின்னாலேயே போகிறேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்து, கண்ணாடியை இறக்கி ஏசிவிட்டுப் போகிறார்கள். என்னோடு வேலை செய்பவர்கள் எனக்கு ஆமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் பார்த்து வைத்த வழி இதுதான். டோவரில் கப்பல் ஏறிக் கலேயில் இறங்குவது. அங்கிருந்து கட்டணம் கட்டிப் போகும் பெரிய வீதி. எதிரே வண்டி வராது. சந்தி இல்லை, ஒழுங்கை இல்லை, டிரக்டர் இல்லை. பாரிஸைச் சுற்றிப் போனால் ஏழு மணித்தியாலத்தில் குளத்தடி. மணிக்கு நூற்று முப்பது வரை போகலாம், நான் நூற்றுப் பத்துக்கு மேல் போக மாட்டேன். இருக்கிறதில் பாதுகாப்பான வழி அதுதான்.

நான் சொல்வதை நீ நம்பப் போவதில்லை. ஆகவே பிரான்ஸ் வீதிப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். நல்ல படம், வயல் பாதை வரைக்கும் இருக்கிறது. நீதானே படம் வரைகிறவள். வழியை நீயே தெரிவு செய்.

முபாறக்


மருதமுனை
2024 ஏப்ரல் 21

அப்னாவின் வாப்பாவுக்கு,

பெருநாள் முடிந்து நாலாம் நாள் படம் வந்தது. கந்தோர் மேசையில் விரித்தபோது அபுல் ஹஸன் காக்கா எட்டிப் பார்த்து, "இது எந்த ஊர்க் காணி?" என்று கேட்டார்.

பொத்துவில் ட்ரிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் கொடுத்த காகிதத்தை அவள் எனக்குக் காட்டவேயில்லை. கேட்டேன். "காட்டினா வேணாம் எண்டு சொல்லுவீங்க. பேந்து ஏன் காட்டுற?" என்றாள். அவள் சொன்னதற்கும் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

இனி வழி. உங்கள் பெரிய வீதி வேண்டாம். பாரிஸைச் சுற்றும் அந்த வளையத்தைப் பார்த்தேன். எட்டு வரிசை வாகனம், ஒரு கிலோமீற்றருக்கு ஒரு வெளியேறும் வழி. ஒரு வழிப்பலகையைத் தவற விட்டால் நீங்கள் பதறுவீர்கள். பதறினால் வெட்டுவீர்கள். நீங்கள் வெட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அமைதியான வீதிதான் வேண்டும். படத்தில் மஞ்சள் நிறமாகக் கிடக்கும் வீதிகளை எடுத்தேன். நியூஹேவனில் கப்பல் ஏறி டியெப்பில் இறங்குங்கள். கலே வேண்டாம், அங்கே லொறிகள். பெயர்களை எப்படிச் சொல்வதென்று தெரியாது, எழுத்துப்படி எழுதுகிறேன். டியெப்பிலிருந்து D915, ஃபோர்ஜஸ் வழியாகக் கிசோர்ஸ் வரைக்கும். பிறகு D181 இல் வெர்னோன், அங்கே ஆற்றைக் கடக்க வேண்டும். அங்கிருந்து தெற்கே. N154 என்று ஒரு சிவப்பு வீதி இருக்கிறது, அதில் ஏறவே கூடாது. சமவெளியில் அளவுகோல் வைத்துக் கீறியது போலக் கிடக்கிறது. நேர் வீதியில்தான் ஆட்கள் முந்துவார்கள். அதற்கு மேற்கே உள்ள மஞ்சள் வீதிகளால் புரூ, வென்டோம், லோச்சஸ், லெ பிளாங்க். பிறகு உங்கள் குளம். ஆற்றை மறித்துக் கட்டிய குளம் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் என்றால் இங்கினியாகலைக் குளம் எங்களுக்கு அரைநாள் வழி. ஆனால் அதுவும் நிந்தவூரைத் தாண்டிய உலகம் என்று நீங்கள் குத்திக் காட்டுவீர்கள்.

ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர். ஏழு மணித்தியாலம் இல்லை, நாலு நாள். எண்பதுக்கு மேல் முள் போகக் கூடாது. மதியம் ளுஹர் தொழுகைக்கு நிறுத்தினால் பின்னேரம் அஸர் வரைக்கும் ஓடக் கூடாது. அப்னா பின் சீற்றில், உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். யாரையும் முந்தக் கூடாது.

பச்சைப் பேனையால் கீறி இத்துடன் அனுப்புகிறேன். இதில் ஒரு வீதி மாறினாலும் கையெழுத்து இல்லை.

லைலா


லெஸ்டர்
2024 மே 8

லைலா,

உன் பச்சைக் கோட்டை மூன்று நாளாகப் பார்த்தேன். கெட்டித்தனமாகக் கீறியிருக்கிறாய். அழகாகவும் இருக்கிறது. பிறகு அந்த நாட்டு வீதிச் சட்டப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். இதைக் கேள்.

அங்கே வாகனம் வலப்பக்கத்தால் ஓடும். அது உனக்குத் தெரியும். அமைதியான சின்ன வீதிகளில், ஊர்களுக்குள்ளே, வலப்பக்கத்து ஒழுங்கையிலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை. நான் பெரிய வீதியில் போய்க்கொண்டிருக்கலாம், அவன் வயலுக்குள்ளிருந்து டிரக்டரில் வரலாம். அவன் நிற்க வேண்டியதில்லை. நான்தான் நிற்க வேண்டும். பலகை இருக்காது, லைட் இருக்காது. ஓகஸ்ட் மாதம் அங்கே அறுவடைக் காலம்.

விளங்குகிறதா? நீ அமைதி என்று தெரிவு செய்தது, ஒவ்வொரு வளைவிலும் ஒரு நிந்தவூர் ஒழுங்கையை. ஐந்நூறு கிலோமீற்றருக்கு. நான் காட்டிய பெரிய வீதியில் ஒரு ஒழுங்கையும் இல்லை. அதை எழுதினேன், நீ வாசிக்கவே இல்லை. நான் என்ன சொன்னாலும் அது தவறு என்று முடிவெடுத்துவிட்டுத்தான் கடிதத்தையே திறக்கிறாய்.

"பதறினால் வெட்டுவீர்கள்." அதை எத்தனை தடவை வாசித்தேன் தெரியுமா? பேக்கரியில் பாண் வாங்கும் வரிசையில் நின்று வாசித்தேன். வேலைக்கு இடையில் வேனை ஓரமாக நிறுத்தி வாசித்தேன்.

ஆறு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். இனி ஏலாது.

அன்றைக்கு அந்த பஸ்ஸின் பின்னால் நான் பத்து நிமிஷம் போய்க்கொண்டிருந்தேன். முந்தும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பின்னாலிருந்து நீ சொன்னாய்: "முந்துங்களேன், நேரம் போகுது. பொண்ணு வீட்டார் என்ன நினைப்பாங்க?" நீ சொன்னாய் லைலா. நான் முந்தினேன்.

சுபியானை அடக்கிய அன்று ஜனாஸா வீட்டில் உன் உம்மா என்னைக் கொலைகாரன் என்றார். நீ பக்கத்தில் இருந்தாய். அவனைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுக்கப் போனேன், உன் பெரியவாப்பாவின் மகன் என் கையைத் தட்டிவிட்டான். நீ ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாய். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தீர்கள், லண்டன்காரன் வேகம் காட்டப் போய் மச்சானைக் கொன்றுவிட்டான் என்று. நான் ஒரு ஆளிடம், ஒரு நாளாவது, நீ சொன்னதைச் சொல்லியிருக்கிறேனா? பொலிசில் கேட்டபோதும் சொல்லவில்லை. என் உம்மா மௌத்தாகும் வரை அவருக்கும் சொல்லவில்லை.

இனி நீ எனக்கு வீதி கீறித் தர வேண்டாம். வேகம் சொல்லித் தர வேண்டாம். கையெழுத்து வைத்தால் வை, இல்லாவிட்டால் விடு. மகளிடம் காரணத்தை நீயே சொல்.

முபாறக்


மருதமுனை
2024 ஜூன் 2

ஓம். சொன்னேன்.

நீங்கள் எழுதியது குறைவு. இரண்டு தரம் சொன்னேன். முதல் தரம் நீங்கள் கேட்கவில்லை என்று நினைத்து, இரண்டாம் தரம் முன்னால் சாய்ந்து உங்கள் தோளில் தட்டினேன். வலது தோள். இதை நீங்கள் மறந்துவிட்டீர்கள், அல்லது என் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டீர்கள். எனக்கு அந்த இரக்கம் வேண்டாம்.

அதை நான் மறந்துவிட்டேன் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தீர்களா? பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் முன்னால் இருப்பவரின் தோளைப் பார்க்கிறேன்.

ஜனாஸா வீட்டில் நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். காத்திருந்தேன். நீங்கள் வாய் திறந்து, "உங்கட மகள்தான் முந்தச் சொன்ன" என்று எல்லோருக்கும் முன்னால் கத்துவீர்கள், நானும் ஓம் என்று சொல்லி விழுந்து அழுவேன் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். உம்மா ஏச ஏச இன்னும் குனிந்தீர்கள். மூன்றாம் நாள் போனது, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்தது. அதற்குப் பிறகு நான் எந்த வாயால் சொல்வது? உம்மாவிடம் போய், நீங்கள் இவ்வளவு நாளும் ஏசினது தப்பான ஆளை என்று சொல்வதா? ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட, அடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாகப் போனது.

உங்களைப் பார்த்தால் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. நான் செய்ததைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள். என்னைக் கேட்காமல் தூக்கினீர்கள். நன்றி சொல்லவும் ஏலாது, திருப்பி வாங்கவும் ஏலாது. அப்படி ஒரு ஆளோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? அதனால்தான் விமானம் ஏறவில்லை. உங்கள் ஓட்டத்துக்குப் பயந்தல்ல.

சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் அந்த வருஷமே முடிந்திருக்கும். நீங்கள் பொறுமைசாலி ஆகிவிட்டீர்கள். அதற்கு நான் உங்களை மன்னிக்க மாட்டேன்.

லைலா


லெஸ்டர்
2024 ஜூன் 20

லைலா,

என்னைப் பொறுமைசாலி ஆக்காதே. அந்தப் பெயரையும் தாங்க எனக்குத் தெம்பில்லை.

நான் பேசாமல் இருந்தது உனக்காக அல்ல. பயந்து இருந்தேன். நீ சொன்னதை நான் வெளியே சொல்லிவிட்டால் என்னோடு இருக்க மாட்டாய் என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்தால் ஒரு நாள் நீ அதை நினைத்துப் பார்த்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவாய் என்று கணக்குப் போட்டேன். அது வியாபாரம், பொறுமை அல்ல. வருஷா வருஷம் எதிர்பார்த்தேன். நீ வரவில்லை. வராத கோபத்தில்தான் போன மாதம் அதை எழுதினேன்.

இன்னொன்று. நீ தட்டியது நினைவிருக்கிறது. ஆனால் காலை அழுத்தியது நான். அதை யாருக்கும் பங்கு தர மாட்டேன்.

வழியை நீ சொல்லும்படியே வைத்துக்கொள்ளலாம். அல்லது வேண்டாம் என்றால் சொல். ஜூலை 24 ஆம் திகதி ராத்தாவின் பயணம்.

முபாறக்


மருதமுனை
2024 ஜூலை 12

அப்னாவின் வாப்பாவுக்கு,

கையெழுத்து வைத்தாயிற்று. உங்கள் புள்ளியை அழித்துவிட்டு வைத்தேன். ஸாலிஹா மதினியின் கையில் தருகிறேன், படத்தையும்.

கோபம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நீங்கள் வியாபாரம் என்று எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கந்தோரில் ஒரு காணியின் எல்லையை மூன்று தரம் பிழையாகக் கீறினேன்.

வழியைத் திரும்பப் பார்த்தேன். வலப்பக்கச் சட்டத்தில் நீங்கள் சொன்னது சரி, நான்தான் பார்க்கவில்லை. ஆனால் பெரிய வீதிக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. அவள் கேட்டது ஊர் பார்க்க. பெரிய வீதியில் வேலியைத் தவிர ஒன்றும் தெரியாது. வெள்ளைக் கரை போட்ட மஞ்சள் சாய்சதுரப் பலகை நிற்கிற வீதியில் உங்களுக்குத்தான் முதல் உரிமையாம். D915 அப்படியானதாகத்தான் தெரிகிறது. அந்தப் பலகைக்குக் குறுக்கே கறுப்புக் கோடு போட்டிருந்தால் உரிமை முடிந்தது என்று அர்த்தம். அந்த இடத்திலிருந்து முப்பதில் போங்கள், கால் பிரேக்கில் இருக்கட்டும். அப்படிப்பட்ட ஊர்கள் என்று நான் நினைக்கிறவற்றைச் சிவப்பு வட்டத்தில் போட்டிருக்கிறேன். பத்தொன்பது. ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம்.

அப்னா உடுப்புப் பெட்டியை இப்போதே கட்டிவிட்டாள். நான் அவளோடு சண்டை பிடித்துத்தான் ஸ்வெட்டரை உள்ளே வைத்தேன்.

லைலா


லெ பிளாங்குக்குத் தெற்கே
2024 ஓகஸ்ட் 14

லைலா,

கூடாரத்துக்குள் மடிப்பு மேசையில் வைத்து இதை எழுதுகிறேன். அப்னா நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இப்போது மற்றது.

மூன்றாம் நாள், வென்டோமுக்கும் லோச்சஸுக்கும் இடையில் ஒரு ஊர். நாலு வீடும் ஒரு தேவாலயமும்தான். உன் சிவப்பு வட்டத்தில் அது இல்லை. ஆனால் பலகைக்குக் குறுக்கே கறுப்புக் கோட்டைக் கண்டேன், முப்பதுக்கு இறங்கினேன். ஒரு மதிலின் மறைவிலிருந்து டிரக்டர் வந்தது. வலப்பக்கம். பின்னால் பெட்டி நிறைய வைக்கோல். நான் நின்றேன். தூரமாக, ஒழுங்காக, சத்தமே இல்லாமல் நின்றேன். ஓட்டி வந்தது ஒரு பெண், உன் வயது இருக்கும். கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கியரைப் போட முடியவில்லை. பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. காரை உருட்டி ஒரு மரத்தடியில் விட்டேன். அப்னாவிடம், "ஸாலிஹா மாமிக்கு ஒரு கோல் எடு, நாம திரும்பிப் போவம்" என்றேன்.

அவள் இறங்கினாள். கதவை அடித்துச் சாத்தினாள், கண்ணாடி உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"உங்கட கடிதம் எல்லாத்தையும் நான் வாசிச்சன். உம்மா அலுமாரிக்குள்ள வெச்சிருந்த, உங்கட வீட்ட நீங்க மேசை லாச்சிக்குள்ள வெச்சிருக்கீங்க. உம்மா முந்தச் சொன்னாவாம், நீங்க முந்தினீங்களாம். நானும் அந்த வேனுக்குள்ளதான் இருந்தன்! ஆராவது என்னட்டக் கேட்டீங்களா?"

"என்னத்தைக் கேட்கிற மகள்?"

"மாமா என்ன செய்திட்டு இருந்த எண்டு!"

நான் கேட்டேன், லைலா. ஆறு வருஷத்தில் முதல் தரம். அவள் சொன்னாள்: "அந்தப் பொண்ணுட படத்தப் போனுல பாத்துச் சிரிச்சிட்டு இருந்த. திரும்பி எனக்குக் காட்டின. 'மாமி எப்படி, நல்லமா?' எண்டு கேட்ட. நான் ஓம் எண்டு சொல்லப் போனன். சொல்ல முதல் இடிச்ச. நான் சொல்லவே இல்ல வாப்பா. அது ஆருக்கும் தெரியா. வீட்ட மாமாட பேரைச் சொன்னா உம்மா எழும்பிப் போவா. உங்களுக்கிட்டச் சொன்னா லைன் கட் ஆகும். நீங்க ரெண்டு பேரும் உங்கட சண்டைக்கு மாமாவ வெச்சிருக்கீங்க. எனக்கு மாமா இல்ல."

வீதியோரத்தில் நின்று அழுதாள். நான் இறங்கிப் போய்ப் பிடித்தேன், தட்டிவிட்டாள். பிறகு விட்டாள். தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து முன் சீற்றில் ஏறிப் பெல்ட்டைப் போட்டாள். "உம்மா பின்னுக்கு இருக்கச் சொன்னாவே" என்றேன். "உம்மாக்கு நான் பதில் சொல்றன். நீங்க ஓட்டுங்க. அடுத்த ஊருல வலப்பக்கத்த நான் பாக்கன்" என்றாள்.

அங்கிருந்து குளம் வரைக்கும் அவள்தான் சொன்னாள்: "வலது கிளியர். வலது கிளியர். நில்லுங்க." நான் ஓட்டினேன்.

உனக்கு இதை எழுதாமல் மறைக்கலாமா என்று யோசித்தேன். இனி மறைக்க மாட்டேன். உன் நிபந்தனையில் ஒன்று மீறப்பட்டிருக்கிறது. ஏசு.

முபாறக்


மருதமுனை
2024 ஓகஸ்ட் 27

அப்னாவின் வாப்பாவுக்கு,

கடிதம் இன்றைக்குப் பகல் வந்தது என்றுதான் எழுத ஆசை. நாலு நாளைக்கு முன்னமே வந்துவிட்டது. பதில் எழுத வரவில்லை. இனித் தபாலுக்கு நேரமில்லை, இதைப் படமெடுத்து மதினியின் போனுக்கு அனுப்புகிறேன். அப்னா வாசிக்கட்டும். வாசிக்காத ஒன்றும் அவளுக்கு மிச்சமில்லையே.

முதலில் ஏச்சு. என் அலுமாரியை அவள் திறந்ததற்கு அவளுக்கு. திறக்கும்படி லாச்சியில் போட்டு வைத்ததற்கு உங்களுக்கு. அந்த ஊரை வட்டத்தில் போடாமல் விட்டதற்கு எனக்கு. வீதிப் படத்தை எடுத்துப் பார்க்க வழியில்லை, உங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். படத்தின் மடிப்பில் மறைந்த இடம்.

கடிதத்தை வாசித்த அன்றைக்கே உம்மாவிடம் போனேன். உம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இருந்தபடியே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தரம் சொன்னதையும், தோளில் தட்டியதையும், நாற்பது நாள் காத்திருந்ததையும். பிறகு அப்னா சொன்னதை வாசித்துக் காட்டினேன்.

உம்மா முதலில் கேட்டது என்னைப் பற்றியல்ல. "சிரிச்சானா?" என்று கேட்டார். "படத்தப் பாத்துச் சிரிச்சானா என்ட மகன்?"

"ஓம் உம்மா."

"அப்ப அவனுக்குப் புடிச்சிருந்த."

மிளகாயை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு நாள் என்னைப் பார்க்கவில்லை. நான் வைத்த சோற்றைத் தொடவில்லை, பக்கத்து வீட்டு றம்லா கொண்டு வந்ததைத்தான் தின்றார். மூன்றாம் நாள் காலையில் குசினிக்கு வந்தார். வந்து தொடங்கினார். எட்டு மணிக்குத் தொடங்கி, நான் கந்தோருக்குப் போக ஏலாமல், பதினொரு மணி வரைக்கும் ஏசினார். நான் பொய்காரி, கல் நெஞ்சுக்காரி, ஒரு மனுஷனை ஆறு வருஷம் ஊரை விட்டுத் துரத்தினவள், பிள்ளையைக் கூட்டில் அடைத்தவள். றம்லா மதிலால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். நான் நின்று வாங்கினேன். அழுகை வந்தது, ஆனாலும் ஆறு வருஷத்தில் முதல் தரமாக என் மேல் கிடக்க வேண்டியது என் மேல் கிடந்தது.

களைத்துப் போய் உம்மா உரலடியில் குந்தினார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்: "அவனையும் வரச் சொல்லு. வாற மாசம் ரெண்டாம் திகதி புள்ளையோட வரச் சொல்லு. அவன நான் ஏசினது எல்லாம் பிழையான ஏச்சு, அதத் திருப்பி எடுக்கணும். மறுகா சரியான ஏச்சு ஏசணும். பஸ்ஸ முந்தினதுக்கு வேற, வாயப் பொத்திட்டு இருந்ததுக்கு வேற. உன்ன ஏசக்குள்ள பாதி மிச்சமாக் கிடக்கு. ரெண்டு பேரும் என்ட முன்னால ஒண்டா நில்லுங்க."

ஸாலிஹா மதினியும் அப்னாவும் வருகிற விமானத்தில் உங்களுக்கும் ஒரு சீற்று எடுங்கள். லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்து வர வேண்டாம். நீங்கள் என்னை மன்னிக்கிறீர்களா என்றும் நான் கேட்கவில்லை. அதையெல்லாம் பேசித் தீர்க்க எத்தனை நாள் எடுக்கும் என்று தெரியாது. திரும்பிப் போகும் டிக்கெட்டை இப்போதைக்கு எடுக்காமல் வாருங்கள்.

உம்மா இன்றைக்கும் காலையில் தொடங்கிவிட்டார். கெதியா வாருங்கள். தனியாக நின்று வாங்கி எனக்குக் களைத்துவிட்டது.

லைலா